காலமானவரின் விடுமுறை

ரங்கூன், போட்டாதாங்.
ஆவணி மாதம், புதன்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு, புஷ்பலதா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நீங்கள் சுகமாக இருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டேன். அதனால் சுகம் கேட்கவில்லை. இங்கே உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி, தம்பி கணேசுக்கு மறுபடியும் வேலை போய்விட்டது, நான் இருக்கிறேன். தெருவில் உங்களைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். செத்தவனைப் பற்றி யாராவது குறை சொல்வார்களா? இருந்தபோது உங்களைத் திட்டிய பவுனம்மாள்கூட, தங்கமான பிள்ளை, ஆற்றோடு போய்விட்டதே என்று இட்லிக் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஷம்சுதீன் காக்கா பாங்காக்கிலிருந்து துணி மூட்டைகளோடு வந்தபோது உங்கள் கடிதத்தை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய லான்மடாவ் கடைக்குள், துணி விலை கேட்பவள் மாதிரி நின்றுகொண்டே படித்தேன். அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்து மேயோ பக்கம் ஒரு வாரம் விடுமுறைக்குப் போய்வந்ததை நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். அடேயப்பா, கொடுத்துவைத்த மகராசன். கல்யாணமாகி நான் போன ஒரே பயணம், படகேறி அக்கரை டாலாவுக்கு, அதுவும் உங்கள் சித்தி வீட்டுக் காதுகுத்துக்கு. சைக்கிள் ரிக்‌ஷாவில் சேறு தெறித்துப் புடவை பாழானதற்கு அத்தை என்னைத்தான் திட்டினார்கள்.

நீங்கள் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸ் மோய்ரா அம்மா, தன் அண்ணன் பண்ணை வீட்டுக்கு உங்களையும் அழைத்துப் போனதாக எழுதியிருந்தீர்கள். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள் மைல் கணக்காக ஓடுகின்றன, காலையில் மழை, மத்தியானம் மழை, நடுவில் கொஞ்சம் வெயில் வந்தால் ஊரே வாசலுக்கு வந்துவிடுகிறது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். சதுப்பு நிலத்து மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டிக் காயவைத்து அடுப்பில் போடுகிறார்களாம், அந்தப் புகை நம் ஊர்ச் சாம்பிராணி மாதிரி மணக்கிறதாம். எதிரில் வண்டியில் வருகிறவர், முன்பின் தெரியாதவருக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி மரியாதை காட்டிவிட்டுத்தான் போவாராம். எவ்வளவு நல்ல சனங்கள் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே முன்பின் தெரியாதவன் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் பிள்ளையைப் பெற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அது உங்களுக்கும் தெரியும், அதனால்தானே போனீர்கள்.

ஆடுகளைப் பற்றி அரைப் பக்கம். யாருடைய ஆடு என்று தெரிவதற்காக முதுகில் நீலமும் சிவப்பும் பூசி மலையில் விட்டுவிடுவார்களாம். படித்தபோது சிரிப்பு வந்தது. எனக்கு இங்கே எதுவும் பூசாமலே அடையாளம் தெரிகிறது. வெறும் நெற்றியைப் பார்த்ததும் எதிரில் வருகிறவர்கள் சகுனம் பார்த்து ஒதுங்கி நின்று, நான் போனபிறகு போகிறார்கள்.

பிறகு அந்தச் சாவு வீடு. பக்கத்துப் பண்ணைக் கிழவர் செத்துப்போக, அண்ணன் குடும்பத்தோடு உங்களையும் துக்கம் கேட்கக் கூட்டிப்போனார்கள். கூடத்தில் திறந்த பெட்டிக்குள் கிழவர் கோட்டு சூட்டோடு படுத்திருக்கிறார், சுற்றிலும் டீயும் ரொட்டியும், ஒருத்தர் கிழவரின் கஞ்சத்தனத்தைச் சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். வருகிறவரெல்லாம் வரிசையில் நின்று வீட்டாரின் கையைக் குலுக்கி, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று சொல்கிறார்கள். பிணத்துக்குப் பயப்படாத சனங்கள், சாவு வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது, ராத்திரி முழுக்கக் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தீர்கள்.

உங்கள் சாவு வீடு எப்படி இருந்தது என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊரான் சாவைப் பார்க்க மலையேறிப் போன மனிதர் தன் சாவையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். எழுதுகிறேன்.

ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் உங்கள் பெயர் விழுந்தது. கணேசைக் கால் ஊனம் என்று விட்டுவிட்டார்கள், வீட்டில் மிச்சம் நீங்கள். பெயர் விழுந்தவன் ஓடினால் வீட்டில் மற்றவர்களைப் பிடிப்பார்கள், செத்தால் பிடிக்க மாட்டார்கள் என்று யோசனை சொன்னது உங்கள் அம்மா. சரி என்று தலையாட்டியது நான். டாலாவுக்குப் போகிற சம்பான் படகிலிருந்து நீங்கள் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஷம்சுதீன் காக்கா சாட்சி சொன்னார். அந்த நேரத்தில் நீங்கள் லாரியில் எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தீர்கள். எப்படியாவது கப்பலேறி எந்த நாட்டிலாவது இறங்கி என்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள் என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். சுவரில் உங்கள் படம், ஒரு மாலை, ஒரு விளக்கு, வார்டு ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் காட்ட அவ்வளவு போதும் என்றுதான் நாம் மூன்று பேரும் பேசிவைத்தது.

ஆபீஸை ஏமாற்றத் திட்டம் போட்ட நாம், தெருப் பொம்பளைகளை மறந்துவிட்டோம். மாலையைப் பார்த்ததும் பவுனம்மாள் வாசலில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். அதற்குப்பிறகு எதுவும் என் கையில் இல்லை, அத்தை கையிலும் இல்லை. உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்க வேண்டும் என்று கோயில் ஐயர் சொன்னார். ஊர்க்காரர்கள் செய்தார்கள். அதற்கு உடுத்த உங்கள் சட்டை ஒன்று கேட்டார்கள். பழையதைக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று, தீபாவளிக்கு எடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையை அத்தை கொடுத்தார்கள். கணேசு நொண்டிக்கொண்டே கொள்ளிக்குடம் தூக்கினான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வார்டு ஆபீஸ் ஊ சோ டின் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தோம், குடித்தார். இந்தியர் வழக்கமெல்லாம் தனக்கும் தெரியும், செத்தவர் மனைவிக்கு ஏதோ செய்வீர்களே என்று பர்மியத்தில் கேட்டார். சும்மாதான் கேட்டார் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்குப் பயத்தில் அத்தைக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பவுனம்மாளைப் பார்த்துத் தலையை அசைத்தார்கள். எனக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, அத்தனையும் அவர் எதிரிலேயே உடைத்தார்கள். ஒரு வளையல் துண்டு மணிக்கட்டில் ஏறியது. தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டது அறுத்த பெண்கள் நாலு பேர். நான் நடிக்கத்தான் உட்கார்ந்தேன் அத்தான். தாலி பாலுக்குள் இறங்கியபோது நடிப்பு என்பது மறந்துபோய்விட்டது. ஊ சோ டின் தலையைக் குனிந்துகொண்டு போய், குடும்பப் பட்டியலில் உங்கள் பெயரை அடித்தார்.

முதலில் சில நாள் அத்தை கதவைச் சாத்திவிட்டு எனக்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், வெறும் நெற்றியோடு நிற்காதே என்பார்கள். பிறகு, சுவருக்குக் கண் உண்டு என்று வேண்டாம் என்றார்கள். அப்புறம் வெயிலுக்குத் தனாக்காப் பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசியதற்குக்கூட, அறுத்தவளுக்கு என்ன சிங்காரம் என்று கேட்டார்கள். வீட்டுக்குள்தான், வேறு யாரும் இல்லாதபோதுதான் கேட்டார்கள். யாருக்காக இந்த வேஷம் என்று நான் கேட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பிண்டம் வைத்தோமே என்ற பயம் அவர்களை அரித்துவிட்டது. நான் பூ வைத்துக்கொண்டால் அந்தத் தோஷம் உங்களைத் தாக்கும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத ஒன்றை அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் நான் அறுத்தவளாகவே இருக்க வேண்டும். அவர்கள் புத்தி இப்போது அப்படிப் போகிறது.

நான் அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்கு மேல் வந்ததுதான் தாங்கவில்லை. ராணுவத்துக்குப் பெண்கள் பெயரையும் பதிகிறார்கள் என்று வைகாசியிலேயே உங்களுக்கு எழுதி அனுப்பினேன். புருஷன் உள்ளவள், பிள்ளை உள்ளவள் என்றால் விட்டுவிடுகிறார்களாம். புருஷன் செத்த, பிள்ளை இல்லாத சிறுவயசுப் பெண்ணை என்ன செய்வது என்று ஊ சோ டின்னுக்கே தெரியவில்லை. மேலே கேட்டுவிட்டு வந்து, என்னைக் கல்யாணமாகாதவள் வரிசையில் எழுதச் சொல்லிவிட்டார்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். சீக்கிரம் யாரையாவது கட்டிக்கொள் அம்மா, பட்டியலை மேலே அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன் என்றார். உங்களைக் காப்பாற்ற உங்களைச் சாகடித்தோம். இப்போது நீங்கள் செத்ததற்காக என்னைக் கூப்பிடுகிறார்கள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஷம்சுதீன் காக்காவிடம் போய் அழுதேன். அவர் மனைவி நூருன்னிசா அக்காவும் கூட உட்கார்ந்திருந்தார்கள். காக்கா பாங்காக்குக்குச் சரக்கெடுக்கப் போகும்போது, என் தங்கச்சி என்று சொல்லி என் முக்காட்டைப் போட்டுக் கூட்டிப்போகலாம் என்று அக்கா சொன்னார்கள். காக்கா அதைக் கேட்டுவிட்டு, புருஷன் வாயால் வா என்று ஒரு வார்த்தை வரட்டும், போகிற வழிக்கு நான் பொறுப்பு, புருஷன் கூப்பிடாத பெண்ணை நான் எல்லை தாண்டிக் கூட்டிப்போக முடியாது என்றார். நியாயம்தானே. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுத்தான் வைகாசியில் எழுதினேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆடு, மழை, கல் சுவர். கடைசி வரியில் ‘பொறுமையாக இரு, எல்லாம் சரியாகும்’ என்று இருந்தது. என்ன எல்லாம், எப்போது சரியாகும் என்று இல்லை.

அப்போதும் உங்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், ஓடிக் களைத்த மனிதர், ஒரு வாரமாவது நல்ல காற்று வாங்கட்டும் என்றே நினைத்தேன். கடிதத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் கணேசு ஃபேஸ்புக்கில் உங்களைத் தேடியிருக்கிறான். உங்கள் பெயரில் ஒன்றும் இல்லை, நீங்கள் சாமர்த்தியசாலி. மோய்ரா அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடியதில் விடுமுறைப் படங்கள் கிடைத்தன. முதலில் என்னைக் கூப்பிட்டுக் காட்டியவன், அடுத்த படத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். படி என்றேன். “வேணாம் அண்ணி, இது வேணாம்,” என்றான். படிக்காவிட்டால் ஆபீஸில் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டியபிறகுதான் படித்தான்.

மலைமேல் ஏதோ ஒரு புனிதக் கிணறு. பக்கத்தில் முள் மரம். அதன் கிளையெல்லாம் கந்தல் துணி. பிள்ளை வரம் கேட்டு நம்மவர்கள் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது மாதிரி அவர்கள் வியாதிக்கும் துக்கத்துக்கும் துணி கட்டுவார்களாம். துணி மழையில் மட்கி விழும்போது துக்கமும் போய்விடும் என்பது நம்பிக்கையாம். மரத்தடியில் நீங்கள் நிற்கிறீர்கள், கிளையில் ஒரு துணியைக் கட்டுகிறீர்கள். நீல மழைக்கோட்டு போட்ட மோய்ரா அம்மா உங்கள் தோளில் கை வைத்திருக்கிறார். கீழே அவர் எழுதியது இது, கணேசு இரண்டு தடவை படித்தான்: காலமான தன் மனைவி புஷ்பாவுக்காக எங்கள் நண்பர் துணி கட்டுகிறார், அவளுடைய ஆடையிலிருந்து கிழித்த துணி, இத்தனை நாளுக்குப் பிறகு இந்த வாரம்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம்.

துணியை எனக்கு அடையாளம் தெரிந்தது. நீங்கள் புறப்பட்ட நாளில், உன் வாசனை இருக்கட்டும் என்று என் பழைய பச்சைத் தமேன் கைலியில் ஒரு கிழிசலை எடுத்து மடித்து வைத்துக்கொண்டீர்களே, அதுதான். அந்தத் தமேனின் மிச்சத்தைக் கரித்துணியாக இன்னும் அடுப்படியில் வைத்திருக்கிறேன்.

படத்துக்குக் கீழே ஊர்க்காரர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறோம், அவள் ஆத்மா சாந்தியடையட்டும் என்று. அன்றைக்குக் கிழவர் வீட்டில் வரிசையாக வந்து கையைக் குலுக்கியதாக எழுதினீர்களே, அவர்கள் கிழவர் வீட்டாரின் கையை மட்டும்தான் குலுக்கினார்களா, உங்கள் கையையுமா? எனக்கு ஒரே ஒரு ஆசை அத்தான். நான் எதில் செத்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சலா, பிரசவமா, குண்டு விழுந்தா? வலியில்லாமல் செத்தேனா? நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? யாராவது கேட்டிருப்பார்கள், நீங்களும் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். என் சாவு எனக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் சாவை நான் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறேன்.

மோய்ரா அம்மாமேல் எனக்குக் கோபமில்லை. அவர் நல்ல பெண். முன்பின் தெரியாத ஒருத்தி செத்தாள் என்று கேட்டு மலையேறிப் போய்த் துணி கட்டவைத்த மனசு யாருக்கு வரும்? இந்தத் தெருவில் நான் உயிரோடு நடக்கிறேன், யாரும் அவ்வளவு செய்யவில்லை. அவர் உங்களைப் பார்க்கிற பார்வையையும் படத்தில் பார்த்தேன். அதிலும் அவர்மேல் தப்பில்லை, உங்களைப் பெண்டாட்டி இல்லாதவர் என்றுதானே நினைத்திருக்கிறார்.

அந்தப் படத்துக்குக் கீழே நானும் எழுதலாம் என்று கணேசிடம் சொன்னேன். நான் சாகவில்லை, ரங்கூனில் போட்டாதாங்கில் இருக்கிறேன் என்று நாலு வார்த்தை. பையன் நடுங்கிப்போனான். அப்புறம் எனக்கே புரிந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினால் நீங்கள் உயிரோடு இருப்பதும் தெரிந்துவிடும். வார்டு ஆபீஸ் இந்த வீட்டை விடாது, காக்காவின் பொய்ச்சாட்சியும் வெளிவரும். ஆகவே, உங்கள் உயிருக்காக அங்கேயும் நான் செத்தவளாகவே இருக்கிறேன். இங்கே பாதி செத்திருந்தேன், அங்கே முழுதும் ஆயிற்று.

அத்தையிடம் காட்டினேன். நியாயம் கேட்கத்தான் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார்கள். கண்ணீர் வந்தது. எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

“அவன் மூஞ்சியப் பாருடி, எப்பிடித் தெளிஞ்சிருக்கு,” என்றார்கள்.

கீழே எழுதியிருப்பதைக் கணேசு மறுபடி படித்துக் காட்டினான். அத்தைக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வெளியூரில் ஆம்பளை பிழைக்க ஆயிரம் சொல்லுவான், அந்த வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டால் நாடு கடத்த மாட்டார்கள், என் பிள்ளை தலை தப்பும், அதைக் கெடுத்துவிடாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். உங்கள் அம்மா என்னைக் கும்பிட்டது அது ஒரு தடவைதான். என் கதி என்ன அத்தை, என்னை ராணுவத்துக்கு எழுதிவிட்டார்களே என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரிசி களைகிற குரலில் சொன்னார்கள்:

“ஒனக்குத் தாலிதானே வேணும்? இந்த வூட்டுல இன்னொரு ஆம்பளப் புள்ள இருக்கான்ல.”

கணேசு அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவன் பள்ளிக்கூடம் போன நாளில் நான் சோறு ஊட்டியிருக்கிறேன், அவன் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் என் காலைத் தொட்டுக்கொண்டு அழுதான். “நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி, நான் ஆத்துல வுழுந்துர்றேன்,” என்றான். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் ஆற்றில் விழுந்தது போதும் என்று சொல்லி எழுப்பிவிட்டேன். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். உங்கள் அயர்லாந்துக்காரர்கள் மாதிரி எங்களுக்கும் சாவில் சிரிக்க வருகிறது.

எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அண்ணன் செத்தால் தம்பி கட்டுவது அந்தக் காலத்தில் உண்டு என்று பவுனம்மாளே தெருவுக்கு எடுத்துச் சொல்லிவிட்டாள், யாரும் தடை சொல்லவில்லை. ஊ சோ டின்னுக்கு மெத்தச் சந்தோஷம், சாட்சிக் கையெழுத்துப் போட அவரே வருகிறாராம், என் பெயரை வரிசையிலிருந்து எடுத்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை காலை காளி கோயிலில் முகூர்த்தம். புதுத்தாலி வாங்க வேண்டாம், பாலில் போட்டு எடுத்ததையே கழுவிக் கட்டிக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னார்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. பெரிய சண்டை போட்டேன், தெரு முழுக்கக் கேட்டிருக்கும். உங்கள் தாலி அரிசிப் பானைக்குள் கிடக்கிறது, யாருக்கும் பிரயோசனமில்லாமல்.

வேண்டாம் என்று நான் சொல்லலாம். சொன்னால் பச்சைச் சட்டை போட்டுத் துப்பாக்கி தூக்க வேண்டும். எந்த ஊரில் எந்தப் பிள்ளையைச் சுடச் சொல்வார்களோ. உங்களுக்கு அந்தப் பாவம் வரக்கூடாது என்றுதான் உங்களைச் சாகடித்தேன். அதை நான் செய்ய முடியாது. கணேசு என்னைத் தொட மாட்டான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஊரறிய அவன் பெண்டாட்டி. நாளைக்கு அவனுக்கும் ஒரு வயசு வரும், ஒரு ஆசை வரும், அவன் வாழ்க்கைக்கும் நான் குறுக்கே படுத்துக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் நீங்கள் விடுமுறையில் யோசித்திருக்க முடியாது, மழையாக இருந்திருக்கும்.

தாலி ஏறிய நிமிஷத்திலிருந்து நீங்கள் எனக்கு மூத்தார். மூத்தார் எதிரில் தம்பி பெண்டாட்டி நிற்கக்கூடாது, முகத்தை ஏறிட்டுப் பார்க்கக்கூடாது, பேரைச் சொல்லக்கூடாது, கடிதம் எழுதுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெண்டாட்டியாக இருந்தும் நான் உங்கள் பேரைச் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். கார்த்திகேசன். எழுத நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். இந்த ஊர்ப் பக்கம் ஒருநாளும் வந்துவிடாதீர்கள். உங்களுக்குச் சளி நெஞ்சு, அந்த ஈரத்தில் தலை துவட்டாமல் நிற்காதீர்கள், படத்தில் தலை நனைந்துதான் இருந்தது. மோய்ரா அம்மாவிடம் அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள், இங்கே எவன் கண்ணிலாவது பட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள், அந்த அடியைக் கணேசு தாங்க மாட்டான்.

ஷம்சுதீன் காக்கா நாளைக்குச் சரக்கெடுக்கப் புறப்படுகிறார். பாங்காக்கில் இறங்கியதும் இதைப் போனில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், வியாழக்கிழமை சாயங்காலமே கிடைத்துவிடும். நூருன்னிசா அக்கா பிந்தித்தான் பாங்காக் போகிறார்கள், சனிக்கிழமை. அவர்களுடைய கறுப்பு முக்காடு ஒன்று என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், இருக்கட்டும், சனிக்கிழமை வாங்கிக்கொள்கிறேன் என்றார்கள். காக்காவின் பாங்காக் நம்பர் உங்களிடம் இருக்கிறது, அவர் கேட்டது ஒரு வார்த்தைதான். நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் வெள்ளி இருக்கிறது, சனி இருக்கிறது, அதை நானா வைத்தேன்?

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை காலை வரை தங்கள் மனைவி,
புஷ்பலதா.